பங்களாக் குழாய்

அந்தத் துவாயை அம்மா ஹட்டன் டவுனில் வாங்கினார். கடைக்காரர் வெள்ளை, நீலம், பூப்போட்டது என்று ஒவ்வொன்றாக விரித்துப் போட, அம்மா எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அடியில் கிடந்த கருஞ்சிவப்புத் துவாயை இழுத்தார். "அது சாயம் போகுங்கம்மா" என்று கடைக்காரரே சொன்னார். "போனாப் போகட்டும்" என்றார் அம்மா. தம்பியின் மூக்கிலிருந்து கொட்டும் ரத்தம் அதில் தெரியாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

2015ஆம் ஆண்டு அது. தம்பிக்கு 14 வயது. நோர்வூட்டுக்கு மேலே, பொகவந்தலாவைப் பாதையிலிருந்து பிரிந்து மலையேறினால் எங்கள் தோட்டம். அம்மா கொழுந்தெடுப்பவர். அப்பா தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்பவர். நான் கொட்டகலைக்குப் பக்கத்தில், பத்தனையில் இருக்கும் ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் லயத்தில் சிங்களம் தடையில்லாமல் பேசக்கூடியவள் நான் ஒருத்திதான். கல்லூரிக்குப் போகுமுன் ஒன்றரை வருடம் கினிகத்தேனையில் ஒரு கடையில் கணக்கெழுதியதில் வந்த சிங்களம் அது. அரிசி மூட்டைக்கும் கருவாட்டுக்கும் பழகிய அந்தச் சிங்களத்தை வைத்துக்கொண்டு ஒரு கழுத்து நாடியை மொழிபெயர்க்க வேண்டி வரும் என்று அப்போது யார் கண்டது.

முதல் தடவை ரத்தம் வந்தது பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில், தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோது. வெள்ளைச் சட்டையின் பொத்தான் வரிசை முழுக்கச் சிவந்துவிட்டதாம். தலையில் தண்ணீர் ஊற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். மூக்கில் ரத்தம் வருவதை எங்கள் பக்கத்தில் யாரும் நோய் என்று சொல்வதில்லை, அது சூடு. விடிந்தும் பனி விலகாத மலையில், இரண்டு கம்பளி போர்த்திப் படுக்கிற பிள்ளையின் உடம்பில் அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதும் இல்லை. அம்மாயி சின்ன வெங்காயத்தை நசுக்கி மூக்கருகே பிடித்தார். அறுகம்புல்லை இடித்துச் சாறு கொடுத்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் பஞ்சு வைத்து அடைத்து, வெள்ளை மாத்திரை ஆறு கொடுத்தார்கள். ரத்தம் நின்றது. நின்றதால் மருந்து சரி என்று ஆயிற்று. மருந்து சரி என்றதால் நோயும் சூடுதான் என்று ஆயிற்று.

பிறகு மாதத்துக்கு இரண்டு தடவை வந்தது. எப்போதும் வலது மூக்கில்தான். அந்த மூக்கு மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்துகொண்டு தூங்கினான், குறட்டை விட்டான். லயத்தில் குறட்டை என்பது ஒரு வீட்டு விஷயம் அல்ல; பக்கத்துக் காம்பரா மாமா நடுராத்திரியில் சுவரைத் தட்டுவார். குரலும் மாறியது. "மூக்கால பேசாதடா" என்று நானே அவனைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் நாக்குக் கூசுகிறது.

2016 தொடக்கத்தில் அப்பா அவனை டவுனில் காசுக்குப் பார்க்கும் ஒருவரிடம் கூட்டிப்போனார். மூக்குக்குள் எட்டிப் பார்த்தவர், "சதை வளர்ந்திருக்கு, கொஞ்சம் கிள்ளி எடுத்தாச் சரியாயிடும்" என்றிருக்கிறார். ஒரு நீளக் குறடு உள்ளே போயிற்று. அடுத்து நடந்ததை அப்பா இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. "பீலியத் தொறந்துவிட்ட மாதிரி" என்று மட்டும் சொல்வார். மூக்கிலும் வாயிலும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது. கையில் கிடைத்த துணியையெல்லாம் திணித்து, ஆட்டோவில் போட்டு, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். நான் பத்தனையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது தம்பி வாட்டில் சுண்ணாம்பு நிறத்தில் கிடந்தான். இரண்டு மூக்கிலும் நாடாத்துணி அடைத்திருந்தார்கள். கட்டிலடியில் ஒரு பேசின். அம்மாவின் சிவப்புத் துவாய் அவன் மார்பில் கிடந்தது. அன்றைக்கு மட்டும் அந்தத் துவாயாலும் மறைக்க முடியவில்லை. நனைந்த இடமெல்லாம் கறுத்திருந்தது.

அங்கே ஓர் இளம் டொக்டர். காலி ஆளாம், பேச்சுவழக்கிலேயே தெரிந்தது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். குறடு எதையும் கையில் எடுக்கவில்லை. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி யாரையும் இதைத் தொடவிடாதீங்க. கிள்ள வேண்டாம், சோதனைக்குத் துண்டு எடுக்கவும் வேண்டாம். முதல்ல ஸ்கேன்" என்றார். தம்பியின் நோயில் யாரும் எதையும் செய்யாதீர்கள் என்று சொன்ன முதல் ஆள் அவர். அதுதான் சரியான வைத்தியமாக இருந்தது.

கண்டியில் எடுத்த ஸ்கேனில் நோய்க்குப் பெயர் கிடைத்தது. ஜுவனைல் நேசோஃபரிஞ்சியல் ஆஞ்சியோஃபைப்ரோமா. அந்தப் பெயரை மனப்பாடம் செய்ய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அநேகமாகப் பருவம் எட்டும் வயதில் உள்ள ஆண்பிள்ளைகளுக்கே வருவது. மூக்கின் பின்கோடியில் முளைக்கும் கட்டி. புற்றுநோய் அல்ல, ஆனால் சும்மா இருக்கிற கட்டியும் அல்ல. பக்கத்து எலும்பைத் தள்ளும், கன்னத்துக்குள் போகும், கண் பக்கம் போகும், விட்டால் மண்டையோட்டின் அடித்தளத்தையும் அரிக்கும். அதற்குள் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. சாதாரண நாடி வெட்டுப்பட்டால் அதன் சுவரில் இருக்கும் தசை இறுகி வாயைச் சுருக்கிக்கொள்ளும். விரல் வெட்டினால் கொஞ்ச நேரத்தில் ரத்தம் நிற்பதில் அதற்கும் பங்குண்டு. இந்தக் கட்டியின் குழாய்ச் சுவர்களில் அந்தத் தசை ஒழுங்காக இல்லை. அவற்றுக்குச் சுருங்கத் தெரியாது. கிள்ளினால் கொட்டிக்கொண்டே இருக்கும். குறடு போன அன்றைக்கு நடந்தது அதுதான்.

கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

மலைநாட்டிலிருந்து கொழும்பு கிளினிக்குக்குப் போவதென்றால் முதல்நாள் இரவே பயணம் தொடங்கிவிடும். காலை ஆறரைக்கு வரிசையில் நிற்க வேண்டுமானால், நடுச்சாமத்துக்கு மேல் ஹட்டனில் பஸ் ஏற வேண்டும். கினிகத்தேனைக்குக் கீழே வளைவுகளில் அம்மா வாந்தியெடுப்பார். கித்துல்கலையில் ஆற்றுச் சத்தம் கேட்கும். அவிசாவளை வந்ததும் பஸ்ஸில் இருக்கிற மலையாட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சுவெட்டரைக் கழற்றுவார்கள். அதைப் பார்த்தே ஊர் சொல்லிவிடலாம். தம்பி ஜன்னலோரம் இருப்பான், மடியில் துவாய். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மாவின் கண் அவன் மேலுதட்டில் இருக்கும். ஒரு நாள் கிளினிக்குக்கு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இரண்டு நாள் பேர் போகும். அந்த ஒக்டோபரில்தான் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 620 ரூபாயிலிருந்து 730 ஆனது. கூடிய காசை நாங்கள் பஸ்ஸிலேயே செலவழித்தோம்.

கொழும்பில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், எங்களுக்கு விளக்கிச் சொன்னவர் ஒரு பெண் டொக்டர். படத்தைப் பார்த்துக்கொண்டே குழாய் விட்டு வைத்தியம் செய்கிற பிரிவைச் சேர்ந்தவர். என்னை "நங்கி" என்று கூப்பிட்டார். அவர் சிங்களத்தில் சொன்னது ரொம்பச் சாதாரணமான வாக்கியம்: கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகிற நஹரத்தை முதலில் வஹனவா, இரண்டு நாள் கழித்து ஒப்பரேஷன். வஹனவா என்றால் மூடுவது. கதவை மூட, கடையை மூட, கண்ணை மூட எல்லாவற்றுக்கும் அதே சொல். கினிகத்தேனைக் கடையில் தினமும் இரவு ஏழு மணிக்குக் கேட்ட சொல். "மூடுறாங்களாம்" என்று நான் சொல்லியிருக்கலாம். படித்த பிள்ளை அல்லவா. "ரத்தக் குழாய்க்குள்ள அடைப்பு வைக்கப் போறாங்களாம்மா" என்றேன்.

அம்மா அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் லயத்தில் அடைப்பு என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். தாத்தா கவாத்து மலையில் கத்தியோடு விழுந்து செத்தது அடைப்பில். மூன்று வீடு தள்ளியிருந்த பெரியப்பா சம்பள நாளன்று திண்ணையில் சாய்ந்தது அடைப்பில். அடைப்பு வந்தால் பாடை கட்டுவார்கள், பறை வரும். "ஆளக் கொல்றத இவங்களே கொண்டாந்து வைக்கிறாங்களா? எம்புள்ளைக்கா?" என்று அம்மா கேட்டார். டொக்டர் என்னைப் பார்த்தார். அம்மா கேட்டதை நான் சிங்களத்தில் சொல்ல முயன்றேன். சொல்லும்போதே என் தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தில் தமிழும் இருந்தது. ஆனால் வைத்தியத்தின் பெயரை எழுத விட்டிருந்த இடத்தில் ஆங்கிலத்தில் பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். எம்போலைசேஷன். அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினால் அம்மாவின் பயம் தீரவா போகிறது?

இதை ஒரு தமிழாசிரியராக இன்று யோசிக்கிறேன். அகராதிகளில் தக்கை என்றும் தக்கையடைப்பு என்றும் சொற்கள் இருக்கின்றன. நல்ல சொற்கள்தான். ஆனால் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு அவற்றை எடுத்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லை. இருந்தவள் கடைச் சிங்களம் தெரிந்த 22 வயதுப் பெண், அவளும் பயந்துபோயிருந்தாள்.

டொக்டர் அந்தப் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நெஞ்சிலிருந்து மேலே போகிற ஒரு தண்டு. கழுத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்கு. மற்றக் கிளை முகம், தாடை, நாக்கு, மூக்கு என்று வெளிப்பக்கத்துக்கு. அந்த வெளிக்கிளையின் ஒரு நுனியில் ஒரு வட்டம் போட்டு, கறுப்பாகத் தீட்டினார். இது கட்டி.

அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றிரவு கொட்டாஞ்சேனையில், கடையில் வேலை செய்யும் சித்தப்பா மகனின் அறையில் தங்கினோம். மின்விசிறிக்குக் கீழே ஆறு பேர். அப்பா தாளை விரித்து அம்மாவிடம் காட்டினார். "இங்க பாரு. இது மேல ஊத்துலருந்து வர்ற பெரிய குழாய். சந்தியில ரெண்டாப் பிரியுது. இது பங்களாவுக்குப் போறது. இது லயத்துக்குப் போறது. இந்தக் கட்டி லயத்துக் குழாயில கள்ளக் கனெக்ஷன் எடுத்துக் குடிச்சிக்கிட்டு இருக்கு. அதான் கொழுத்துப் போயிருக்கு. இப்பவே வெட்டப் போனா, தண்ணிய நிறுத்தாமக் குழாய வெட்டுன மாதிரி அடிக்கும். அன்னைக்கு அடிச்சிச்சில்ல? அதனால அந்தக் கள்ளக் கனெக்ஷன மொதல்ல அடைக்கிறாங்க. பங்களாக் குழாயத் தொடவே மாட்டாங்க."

அம்மா தன் தலையைத் தொட்டுக் காட்டி, "பங்களாங்கிறது இதா?" என்று கேட்டார்.

"அதேதான்."

பக்கத்தில் படுத்திருந்த அம்மாயி, தூங்கிவிட்டார் என்று நாங்கள் நினைத்திருந்தவர், இருட்டில் பேசினார். "அப்ப அதப் பட்டினி போடுறாங்கன்னு சொல்லு. பட்டினி போட்டா எதுவும் செத்துப்போகும். எழுவத்தி நாலுல பாத்தோமே." 1974 பஞ்சத்தில் அவர் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அந்த வருடத்தை அவர் சாதாரணமாக வாயில் எடுப்பதே இல்லை. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் டக் டக் என்று ஆடிக்கொண்டிருந்தது.

பல வருடம் கழித்து, இந்த வைத்தியத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தபோது, ஓர் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நியூயோர்க்கில் ரொபர்ட் டாபர்ன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கழுத்து வெளிநாடியின் கிளைகளில் ரத்தம் குடித்து வளரும் கட்டிகளுக்காக, உருக்கிய பரஃபின் மெழுகையும் வாசலின் போன்ற பொருளையும் அந்த நாடிக்குள் செலுத்தியதை 1904இல் எழுதியிருக்கிறார். அவர் தன் முறைக்கு வைத்த பெயரே பட்டினி போடும் அறுவை என்பதுதான். அம்மாயிக்கு அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் டாபர்னுக்குத் தன் மெழுகு எங்கே போகிறது என்று பார்க்க வழியில்லை. மூளை நாடிகளுக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் தெரிய வைத்தவர் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ், 1927இல். கத்தி வைத்து நாடியைத் திறக்காமல், ஊசி குத்தி, ஊசி வழியாகக் கம்பி விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே குழாயை ஏற்றுகிற வழியை ஸ்வீடனில் செல்டிங்கர் எழுதியது 1953இல். அதற்கும் பிறகு, எழுபதுகளில் பாரிஸில் ஜின்ஜியான் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் கழுத்து வெளிநாடியின் சின்னச் சின்னக் கிளைகளுக்குள் தனித்தனியாக நுழைந்து படம் பிடித்தார்கள். இத்தனை பேர் நடந்த பாதையில்தான், குழாய் விட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை, தம்பி படுத்திருந்தான்.

அதற்கு முதல்நாள், திங்கட்கிழமை, அப்பா என்னிடம் சொன்னார்: "டொக்டர்ட்ட ஒண்ணு கேளு. வெள்ளக்காரன் காலத்துக் குழாயெல்லாம் மண்ணுக்குள்ள எங்கெங்கயோ ஜொயிண்ட் ஆகிக் கெடக்கும். பிளான்ல இருக்காது. நான் லயத்து வால்வ மூடுவேன், பங்களாவுல தண்ணி நின்னுடும்; தொர கத்துவாரு. அந்த மாதிரி இங்கயும் இருக்குமான்னு கேளு."

கேட்டேன். இந்தத் தடவை ஒரு சொல்லையும் மாற்றவில்லை. துரை கத்தியதைக்கூட விடவில்லை.

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "உங்க தாத்தா என்ன வேலை செய்றார்?" என்று கேட்டார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. எத்தனை வருடம் பேசினாலும் எனக்கு அந்தச் சொல் கேட்டதும் கவாத்து மலையில் விழுந்தவர்தான் முன்னால் வருவார். குழாய் வேலை என்றேன். அவர் நாற்காலியை அப்பா பக்கம் திருப்பிக்கொண்டார். தான் பயப்படுவதும் அதற்குத்தான் என்றார். வெளிக்கிளைக்கும் மூளைக்கும் கண்ணுக்கும் போகிற உட்கிளைக்கும் நடுவே மெல்லிய இணைப்புகள் உண்டு. சாதாரண நாளில் அவை இருப்பதே தெரியாது. அழுத்தி மருந்து செலுத்தினால் திறந்துகொள்ளலாம். ஒரு துகள் அந்த வழியாகக் கண் நாடிக்குப் போனால் பார்வை போய்விடும். மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால்தான் முதலில் படம் எடுத்துப் பார்ப்போம், கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம், ஓட்டம் மந்தமானதும் நிறுத்திவிடுவோம், கடைசிச் சொட்டுவரை அடைக்க ஆசைப்பட மாட்டோம். இதையெல்லாம் நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். முடிவில், "சரி, தொழில் தெரிஞ்ச ஆளுதான்" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அம்மா கையெழுத்துப் போட்டார்.

தம்பியை மயக்காமல், பதற்றம் தணிய மட்டும் மருந்து கொடுத்துச் செய்வதாக இருந்தது. அவனுக்குச் சிங்களம் தெரியாது. அந்த அறையில் அன்றைக்குத் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதனால் என் தோளில் ஈயக் கவசம் ஒன்றை மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினார்கள். கவசம் கொழுந்துக் கூடையைவிடக் கனம் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அவ்வளவு இருக்காது.

வலது தொடையிடுக்கில் மரத்துப்போக ஊசி. பிறகு நாடிக்குள் ஊசி, கம்பி, குழாய். குழாய் தொடையிலிருந்து வயிற்றைக் கடந்து, நெஞ்சைக் கடந்து, கழுத்துக்கு ஏறியதைத் திரையில் பார்த்தேன். நூல் மாதிரி ஒரு நிழல். தம்பிக்கு அது ஏறுவதே தெரியவில்லை. ரத்தக் குழாயின் உள்சுவருக்கு அந்தத் தொடுகை உறைக்காதாம்.

"ஹுஸ்ம கன்ன எபா. கிலின்ன எபா."

"மூச்சு விடாத தம்பி. எச்சி முழுங்காத."

இதை நான் அன்றைக்கு எத்தனை தடவை சொன்னேனோ. முதலில் மருந்து செலுத்தாமல் ஒரு படம். பிறகு மருந்தோடு ஒரு படம். இரண்டாவதிலிருந்து முதலாவதை எந்திரம் கழித்துவிடும். எலும்பு, பல், தாடை எல்லாம் கழிந்து போய் நாடி மட்டும் மிஞ்சும். நடுவில் அவன் எச்சில் விழுங்கினால் இரண்டு படமும் பொருந்தாது, கணக்குத் தப்பிவிடும். மருந்து போன ஒவ்வொரு தடவையும் அவன் கால்விரல்கள் விறைத்தன. "அக்கா, பல்லெல்லாம் கொதிக்குதுக்கா" என்றான். "கன்னத்துக்குள்ள சுடுதண்ணி ஊத்துறாங்க." நான் டொக்டரிடம் சொன்னேன். அது அப்படித்தான், சில நொடியில் போய்விடும் என்றார். அவனிடம் சொன்னேன். "சும்மா சொல்லாத" என்றான். 15 வயதுப் பையன். அந்த மேசையில் கிடந்துகூட அக்காவை நம்பவில்லை.

திரையில் எலும்பெல்லாம் மறைந்து, தம்பியின் முகம் ஒரு செடியாகத் தெரிந்தது. தண்டு, கிளை, குச்சி. தேயிலைச் செடியை வேரோடு பிடுங்கித் தலைகீழாகப் பிடித்தது போல. மேல்தாடைக்குப் பின்னால் போகும் ஒரு கிளை மற்றதையெல்லாம்விடத் தடித்து, நெளிந்து ஓடியது. அதன் நுனியில் கறுப்பாக ஒரு மேகம் நிறைந்தது. மற்ற இடமெல்லாம் வெளுத்த பிறகும் அது மட்டும் கலையாமல் நின்றது. ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது அதுதான்.

டொக்டர் இப்போது இன்னும் மெல்லிய குழாய் ஒன்றை முதற்குழாய்க்குள்ளேயே விட்டு, அந்தத் தடித்த கிளைக்குள் கொண்டுபோனார். அங்கே நின்று திரும்பவும் படம். கண் பக்கம் ஏதாவது கிளை திறக்கிறதா என்று அவரும் இன்னொருவரும் திரையில் மூக்கு முட்டப் பார்த்தார்கள். பிறகு ஒரு தாதி, சின்னக் குப்பியிலிருந்து வெள்ளைத் தூளை எடுத்துக் கலக்கினார். பொலிவினைல் அல்கஹோல் துகள்கள். மில்லிமீட்டரில் கால்பங்குகூடத் தேறாது. ரவையைச் சலித்தால் அடியில் விழுகிற பொடி மாதிரி. அதைப் படம் காட்டும் மருந்தோடு குழப்பி, விரல் அளவு ஊசிக்குழலில் எடுத்து, டொக்டர் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு சொட்டு, நிறுத்தம், திரை. இன்னொரு சொட்டு, நிறுத்தம், திரை. அவர் அவசரப்படாமல் இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த எரிச்சலை நினைத்தால் வெட்கம்.

மேகம் ஓரத்திலிருந்து கலையத் தொடங்கியது. நடுவில் ஒரு திட்டு நின்றது. பிறகு அதுவும் வெளுத்தது. கடைசிப் படத்தில் அந்தத் தடித்த கிளை, மழை நின்றபின் மலைக்கானில் தேங்கி நிற்கும் தண்ணீர் போல அசையாமல் நின்றது. டொக்டர் குழாயைப் பின்னுக்கு இழுத்தார்.

"எத்தனை விரல்னு கேளுங்க நங்கி."

தாதி அவன் முன்னால் விரல்களைக் காட்டினார். கேட்டேன்.

"மூணு" என்றான். பிறகு, "அந்த மிஸ்ஸி கையில மோதிரம் போட்டிருக்காங்க" என்றான்.

அதைக் கேட்டபோதுதான் கவசத்தின் கனம் தோளிலிருந்து காலுக்கு இறங்கியது. உட்கார இடம் கேட்டேன்.

வெளியே அம்மா ஓடி வந்தார். என்ன சொல்வது என்று நான் ஒத்திகை பார்த்தெல்லாம் வைத்திருக்கவில்லை. "பீலிய மூடிட்டாங்கம்மா" என்றேன்.

அன்றைக்கு ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருந்தான். இரவு காய்ச்சல் வந்தது, கன்னமும் தாடையும் வலித்தன, வாயைப் பெரிதாகத் திறக்க முடியவில்லை. பட்டினி கிடக்கிற சதை போடும் கூச்சல் அது என்று நான் அம்மாவிடம் சொன்னேன், கிட்டத்தட்ட உண்மைதான். வியாழக்கிழமை ஒப்பரேஷன். அடைத்தால் மட்டும் போதாது. விட்டுவைத்தால் கட்டி புதுக்குழாய் தேடிக்கொள்ளும். அதனால்தான் இரண்டொரு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

புதன்கிழமை இரவு அப்பாவின் கூட்டாளிகள் நான்கு பேர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்கள், ரத்தம் கொடுக்க. ஒருவர் வழியில் எங்கேயும் குடிக்காமல் வந்ததைப் பெருமையாகச் சொன்னார். உறவுக்காரர் ரத்தம் தர வேண்டியதில்லை, நாட்டில் இப்போது முழுக்கத் தன்னார்வக் கொடையாளர்கள் ரத்தம்தான் என்று சொல்லிவிட்டார்கள். 2014 முதல் இலங்கையில் அப்படித்தான். நான்கு பேருக்கும் பெரிய ஏமாற்றம். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் மறுநாள் மாலைவரை மதிலோரம் நின்றார்கள். யாரோ முகம் தெரியாத ஒருவருடைய ஒரு பை ரத்தம் மட்டும் தம்பிக்கு ஏறியது. இரண்டாவது பை தேவைப்படவில்லை. முகத்தில் ஒரு கீறல் இல்லாமல், மூக்கு வழியாகவே கட்டியை எடுத்திருந்தார்கள். சாடியில் காட்டினார்கள். நெல்லிக்காயைவிடப் பெரியது, கொய்யாவைவிடச் சின்னது. அப்பா மட்டும் பார்த்தார்.

டிசம்பரில் அவன் எழுதியிருக்க வேண்டிய சாதாரணதரப் பரீட்சை போயிற்று. அடுத்த வருடம் எழுதினான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். மானாப்புல் மாதிரி, வேர்த்துண்டு எங்காவது மிஞ்சினால் திரும்ப முளைக்கக்கூடிய கட்டி அது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முதல்வாரம் அம்மா மாரியம்மன் கோவிலைச் சுற்றி வருவார். தம்பி, "நான் போய் வயித்தக் கலக்காம படுக்கிறேன், அம்மாதான் படுக்கமாட்டாங்க" என்பான்.

2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி எங்கள் பக்கம் வந்தார். டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரியைத் திறந்துவிட்டு, நோர்வூட் மைதானத்தில் பேசினார். சுற்றுப்பட்ட தோட்டமெல்லாம் மைதானத்தில். தம்பி காலையிலேயே கூட்டாளிகளோடு போய்விட்டான். அம்மா என்னிடம், "வெயில்ல நிப்பானே, கூட்டத்துல யாராச்சும் முழங்கையால இடிச்சுப்புட்டா" என்று சொல்லிக்கொண்டே துவாயைத் தேடினார். அவனிடம் கொடுத்துவிட மறந்துபோனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்தில் அவன் துவாய் இல்லாமல் வெளியே போன முதல்நாள் அது. ஹெலிகொப்டர் மூன்று தடவை லயத்துக்கு மேலே போனது. மூன்று தடவையும் அம்மா வாசலுக்கு ஓடினார், ஹெலிகொப்டரைப் பார்க்காமல் பாதையைப் பார்த்தார்.

சாயந்தரம் வந்தான். முகம் கருகியிருந்தது, கையில் காகிதக்கொடி. அம்மா அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, மேலுதட்டைப் பார்த்தார். ஒன்றுமில்லை. "மூச்சு விடுடா" என்றார். விட்டான். இரண்டு மூக்காலும்.

மறுநாள் பெரட்டுக்குப் போகுமுன் அம்மா கத்தரிக்கோலை எடுத்து அந்தத் துவாயை நாலாக வெட்டினார். கூடைக் கயிறு தலையில் அழுந்தும் இடத்துக்கு மடித்து வைக்க அது நல்ல தடிப்பு. சாயம் கடைக்காரர் சொன்ன அளவுக்குப் போகவே இல்லை.